ஒன்று முதல் ஐந்து வரை

ஃப்ரெஸ்னோ. சிகிச்சை மையத்தின் பின்னறை.
சுவருக்கு அப்பால் குளிர்பான இயந்திரம் முனகுகிறது.

"குடும்பத்துக்குப் பிறகுதான் நான்."
கேள்வி பதினேழு.
ஒன்று என்றால் இல்லவே இல்லை,
ஐந்து என்றால் முழுச் சம்மதம்.

எலெயூதேரியோ பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
கூரைகளுக்கு ஆணி அடித்த கை;
நாற்பத்தொரு நாளாய்த்தான் நடுங்காமல் இருக்கிறது.

எந்தக் குடும்பம், என்கிறார்.
முதல் பாட்டிலைத் திறந்து தந்த அண்ணனா?
ஞாயிறுதோறும் வந்து
வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு
திரும்பிப் போகிற மகளா?

நான் பதில் சொல்லக் கூடாது. விதி.

சற்றுப் பொறுத்து, குரலைத் தாழ்த்தி:
"உங்களுக்கு எந்த எண் வந்தால் நல்லது, செனோரீட்டா?
சொல்லுங்கள், அதையே போட்டுவிடுகிறேன்."

மரியாதை பற்றிய கேள்விகள்
அடுத்த பக்கத்தில்தான் தொடங்குகின்றன.