கீழ்வரிசை

கரடிப்போக்குச் சந்தியில் பல் கட்டுகிறவன் நான்.
மெழுகைக் கடிக்கச் சொல்லி வாங்கும் அச்சு,
அதுதான் சோறு.
என்னிடம் பதினொரு சுங்கான்கள் இருப்பது
வாடிக்கைக்காரருக்குத் தெரியாது.
பற்கள் காயும் அலுமாரியின் கீழ்த்தட்டில்
வாயில்லாமல் படுத்திருக்கும்.

முதலாவதை நிஸ்தார் கொண்டுவந்தான்,
பழைய இரும்பு லொறியில்,
சைக்கிள் செயினுக்கும் பம்ப் மூடிக்கும் நடுவில்.
"கிலோக் கணக்குல வராது, சும்மா வையுங்க."
அடுத்த கிழமை இன்னொன்று.
அதற்கு விலை சொன்னான்.
என் கண்ணைப் பார்த்திருக்கிறான்.

கிண்ணத்துக்குள் கல்லுப்பு, அதன்மேல் சாராயம்,
ஓர் இரவு.
காலையில் உப்பு தேயிலைச் சாயத்தில் நிற்கும்.
யாரோ ஒருவரின் இருபது வருடத்தைக்
கரண்டியால் அள்ளிக் கொட்டலாம்.
துளைக்குக் கோழியிறகு.
பச்சையடித்த காம்புக்கு வோட்டர் பேப்பர்,
நானூறு, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு,
பிறகு பல்லுக்குப் போடும் அதே பொலிஷ்.
கடித்த பள்ளம் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது.
அதில்தான் என் கெட்டித்தனம்.

தேய்க்குமுன் வாசிப்பேன்.
இவன் இடப்பக்கம் கடித்தவன்.
இவனுக்குக் கோரைப்பல் இல்லை.
இவன் கோபக்காரன், அல்லது
இரவில் நெடுநேரம் கணக்கெழுதியவன்.
பல்லை வைத்து ஆளைச் சொல்கிற வேலை
வன்னியில் வேறு இடங்களிலும் நடக்கிறது.
ஒருமுறை என்னையும் கூப்பிட்டார்கள்.
காய்ச்சல் என்றேன்.

ஞாயிறு பின்னேரம் கதவைச் சாத்திவிட்டு
ஒன்றை எடுப்பேன்.
யாழ்ப்பாணப் புகையிலை, மெல்லிசாய் அரிந்து,
பனங்கட்டித் தண்ணீர் தெளித்தது.
அடைத்துப் பற்றவைத்தால்
மூன்றாம் இழுப்பில் அணையும்.
நாக்கு வெந்துபோகும்.
ஆறு வருடமாய்
சுங்கான் என்றால் இதுதான் என்றிருந்தேன்.

இராசமலர் வந்தது கீழ்வரிசைக்கு.
அலுமாரியை நான் பூட்டாமல் விட்ட நாள்.
வாய்நிறைய மெழுகோடு
கண்ணால் தட்டுத் தட்டாய் இறங்கியவ,
மெழுகு வெளியே வந்ததும் சொன்னா:
"அந்த நாலாவது, வெள்ளி வளையம் போட்டது,
எங்கட."

இரணைமடுவில் வாய்க்கால் ஓவசியராம்.
"சுங்கான் பத்துறவர்" என்றா.
ஆள் எங்கே என்று கேட்கவில்லை.
இங்கே அப்படிக் கேட்பதில்லை,
வினையின் காலத்தைக் கவனித்துக்கொள்வோம்.
"பத்துறவர்" என்பதில்
நேற்றும் இருக்கும் இன்றும் இருக்கும்.
எனக்குப் பிடிபடவில்லை.

எடுத்துக் கொடுத்தேன்.
காம்பு நுனியைப் பெருவிரலால் தடவினா.
விரல் வழுக்கிற்று.
திருப்பிப் பிடித்து மறுபக்கமும் தடவினா.
"இதில ரெண்டு பள்ளம் கிடந்தது."
"தேய்ச்சுப்போட்டன்."
"ஏன்?"

வடிவாயிருக்கட்டும் என்று.
சொல்ல வாய் வரவில்லை.
தொழிலே கடியின் அச்செடுப்பது,
இந்த ஒரு கடிக்கு
அரைத்துண்டு மெழுகு செலவழிக்கவில்லை.

முல்லைத்தீவு பஸ் கோன் அடித்துப் போனது.
மின்விசிறி சும்மா சுற்றியது.
"புகையிலை கிடக்கோ?" என்றா.

டின்னை முகர்ந்து முகம் சுளித்தா.
முதலில் தூவினா, அழுத்தவில்லை.
பிறகு கொஞ்சம், விரல் பட்டும் படாமல்.
மேலே மட்டும் ஒரு அமத்து.
"நீங்கள் அடைச்சுக் கிடந்ததைப் பாத்தனான்,
சிமெந்து மாதிரி.
அவருக்கு நான்தான் அடைச்சுக் குடுக்கிறனான்,
தான் அடைச்சா அணையுமெண்டு."
நெருப்புக்குச்சி கிழித்துப் பற்றவைத்து,
பொங்கி எழுந்ததை வெறும் விரலால் அமத்தி
மறுபடி பற்றவைத்தா.
இருமல் இல்லை.
மேற்பல்லும் வெறும் முரசுமாய்க் காம்பைக் கவ்வி
முக்கால் மணித்தியாலம்
ஒரு குச்சிகூடக் கூடக் கேட்காமல்
சந்தியைப் பார்த்தபடி இழுத்தா.

கடைசியில் தட்டியது நல்ல சாம்பல்,
வெள்ளை, ஈரமில்லை.
என் பதினொன்றில் ஒன்றும் இதுவரை தராத சாம்பல்.

காம்பைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தா.
மேலே மட்டும் ஒரு கீறல்,
கீழ்ப்பக்கம் மொழுமொழுவென்று.

அட்வான்ஸ் ஆயிரம் எண்ணி வைத்தா.
சுங்கானைச் சீலைத்தலைப்பில் முடிந்தா.
படியிறங்கியவ திரும்பி வந்து சொன்னா:
"கீழ்ப்பல்லைக் கொஞ்சம்
கூராக் கட்டுங்கோ."