பத்து வரை

பதினோரு பங்காளிகள், பதினோரு பூட்டு.
வழக்கில் சிக்காமல் மிஞ்சியது
இரண்டாங்கட்டின் நீளக் கூடம் மட்டும்.
அதுதான் எங்கள் கராத்தே வகுப்பு,
செவ்வாய், வெள்ளி, மாலை ஆறரை.

முதலில் அடி கிடையாது. உட்கார வேண்டும்.
சுவரைப் பார்த்து, முதுகை நிமிர்த்தி,
மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணி.
நினைப்பு ஓடினால் மறுபடி ஒன்று.
மாஸ்டர் ஆரோக்கியராஜ் என்னைவிட ஒன்பது வயது சின்னவர்.
ஜென் என்று ஒரே ஒரு தடவை சொன்னார்,
அதையும் ஃபீஸ் கேட்கிற குரலில்.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர்,
இன்னும் முகம் காட்டுகிறது.
என் முகம்தான் தெரிந்திருக்க வேண்டும்.
தெரிந்தவன் அவன்:
கோட்டையூர் டவுன் பஸ்ஸில்
முழங்கையை என் விலாவில் வைத்துவிட்டு
ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறவன்.

அவனுக்காகத்தான் சேர்ந்தேன்,
லாரி புக்கிங் ஆபீஸ் கணக்குப்பிள்ளை,
முப்பத்தெட்டு வயதில் வெள்ளை உடுப்பும் வெள்ளை பெல்ட்டுமாக.
மூன்று மாதம் என் குத்தெல்லாம் அவன் மூக்குக்கு.
வாங்கிக்கொண்டது உமையாள்.
ஒருநாள் உதட்டைத் துடைத்தபடி சொன்னாள்:
“கோபம் முதல்ல வருதுக்கா, கை அப்புறமாத்தான் வருது.
இனிமே ஈசியா தடுத்துருவேன்.”
தடுத்தாள்.

ஒன்று, இரண்டு,
பாக்கி தராத திருச்சி பார்ட்டி.
ஒன்று.
ஒன்று, இரண்டு, மூன்று, கொசு.
ஒன்று.
மரத்த கால் யாருடைய காலோ ஆயிற்று.

எந்த வெள்ளி என்று சொல்லத் தெரியவில்லை,
சுவர் சுவராக இருந்தது.
மேலே ஒரு பல்லி.
அன்றைக்கு உமையாள் குத்தியதை
நான் தடுத்திருந்தேன்;
கை வலித்த பிறகுதான் தெரிந்தது.

பிறகு, ஆடிக் கூட்டத்தில், பஸ்ஸில்,
அதே முழங்கை.
என் விரல்கள் அவன் மணிக்கட்டைச் சுற்றி இருந்தன.
எப்போது போயின?
திருகவில்லை. முறைக்கவில்லை.
விரலடியில் அவன் நாடி
அகப்பட்ட கோழிக்குஞ்சாய் அடித்துக்கொண்டது.
பழக்கதோஷம், எண்ண ஆரம்பித்துவிட்டேன்.
“விடுங்க” என்றான் நாலில்.
அவன் குரலை அன்றுதான் கேட்டேன்,
சின்னக் குரல்.
விட்டேன்.
அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போனான்,
அது அவன் ஸ்டாப் இல்லை.

என் ஸ்டாப்பும் போயிருந்தது.
கோட்டையூரில் இறங்கித் திரும்பி நடந்தேன்,
ஒரு வீட்டின் பக்கச் சுவர்
ஒரு தெரு நீளத்துக்குக் கூடவே வந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்
ஏழில் சந்தோஷம் வந்துவிட்டது.

மறுபடி ஒன்று.