நதியைக் கடித்தவள்

நவம்பரில் லேனா ஆறு முழங்கை ஆழம் இறுகியதும்
ரம்பம் போட்டு அறுக்கிறோம்.
ஒரு கட்டி ஓர் ஆள் கனம்.
லாரியில் ஏற்றி வீடு வீடாய் விற்கிறேன்.
யாகூத்ஸ்க் ஓரத்துத் தெருக்களில் குழாய் கிடையாது,
பனிக்கட்டியை உருக்கித்தான் குடிக்க வேண்டும்.
என் வாசலிலும் ஓர் அடுக்கு உண்டு, விறகுக்குப் பக்கத்தில்.

எலி என்றுதான் முதலில் நினைத்தேன்.
இரவு இரண்டு மணிக்கு
சமையலறையில் நறுக், நறுக்.
எழுந்து போனால் துயாரா,
இருட்டில், தோளில் கம்பளியோடு,
நதியைக் கிண்ணத்தில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.
வெளியே மைனஸ் நாற்பத்தாறு.

"வாய் கேட்கிறது" என்றாள்.
எதை?
"இதைத்தான். ருசியே இல்லாத இதைத்தான்."

ஐஸ் விற்கிறவன் பெண்டாட்டி
சரக்கையே தின்கிறாள் என்று சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
பிறகு அவள் கடைவாய்ப் பல்லில் ஒரு விளிம்பு உடைந்தது.
பிறகு ஒருநாள் வாளியோடு வந்தவள்
வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மருத்துவர் மத்ரியோனா அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.
உள்ளே வெளுத்த துணி.
ஹீமோகுளோபின் ஏழு.
"மாதாமாதம் இவ்வளவு போகிறதே, யாரிடமாவது சொன்னாயா?"
சொல்லவில்லை. என்னிடம்கூட.
"உடம்பு கேட்பது இரும்பு.
நாக்குக்கு அந்தச் சொல் தெரியாது, ஐஸ் என்று உளறுகிறது.
ஏன் ஐஸ் என்று என்னைக் கேட்காதே,
எங்களுக்கே சரியாகத் தெரியாது."

மாத்திரையைத் தேநீரோடு விழுங்கக் கூடாதாம்.
தேநீர் இல்லாமல் எங்கள் வீட்டில் கதவே திறக்காது.
முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம்
கெட்டில் எங்களை முறைத்துக்கொண்டிருந்தது.
உறைந்த குதிரைக்குட்டி ஈரலைச் சீவி வைத்தேன்,
முகம் சுளிக்காமல் தின்றாள்.
ஆசை அறுபது நாள் என்பதெல்லாம் சும்மா.
பதினேழாம் இரவு விழித்துக் காதைத் தீட்டினேன்.
அடுப்பு மட்டும் முனகியது.
கிண்ணம் கவிழ்ந்திருந்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.
மார்ச்சில் சிகரெட்டை விட்டேன்.
அன்றிலிருந்து சரியாக நாலு மணிக்கு
ஒரு கெட்டிப்பால் டப்பா
என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது:
கெஸ்கில், கெஸ்கில்.
ஸ்பூனை வைத்துத் தொடங்குவேன், விரலில் முடிப்பேன்.
மத்ரியோனாவிடம் போய்க் கையை நீட்டினேன்:
எனக்கும் என்ன குறைகிறது, பாருங்கள்.
பார்த்தார். எதுவும் குறையவில்லை. சர்க்கரைதான் சற்றுக் கூட.
"நாலு மணிக்கு முன்பெல்லாம் என்ன செய்வாய்?"
லாரியை ஓரம் கட்டுவோம், நானும் ஐதாலும்.
சூரியன் மூன்றுக்கே போயிருக்கும்.
ஒரு தீக்குச்சி, இரண்டு சிகரெட்.
அவன் மீர்னி சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்விட்டான்.
"அதற்கு என்னிடம் மாத்திரை இல்லை" என்றார்.
அப்புறம், பேனாவை மூடியபடி,
"மதியம் சாப்பிடுகிறாயா?"
எங்கே.
"முதலில் அதைச் செய்."

செய்கிறேன். ஒரு மணிக்குச் சூப், ஃபிளாஸ்கில்.
டப்பாவைத் துயாரா லாரியின் பின்னால்,
கட்டிகளுக்கு நடுவே செருகிவிடுகிறாள்.
அங்கே அது கல்.
எஞ்சின் மேல் வைத்தால் இளக இருபது நிமிடம்.
சில நாள் அதற்குள் யாராவது ஜன்னலைத் தட்டி
நான்கு கட்டி கேட்பார்கள்.
சில நாள் ஆசை தானே இறங்கி நடந்துவிடும்,
நன்றிகூடச் சொல்லாமல்.
சில நாள் இருபதும் பொறுக்காது.
உளியால் டப்பாவைக் குத்தித் திறந்து
பாலை மிட்டாய்போல் உடைத்துச் சப்புகிறேன்.
மீசையில் உறைந்திருப்பதை வைத்தே
துயாரா கண்டுபிடித்துவிடுகிறாள்.
ஏசுவதில்லை. துண்டை எறிகிறாள்.

நேற்று கெட்டிலுக்காகக் கட்டியை உடைத்தபோது
ஒரு சில்லு தெறித்து அவள் உதட்டில் ஒட்டியது.
சுத்தியல் கையிலிருக்க, அப்படியே நின்றாள்.
நாக்கால் தொட்டுப் பார்த்தாள்.
"வெறும் தண்ணீர்" என்றாள்,
யாரோ ஏமாற்றிவிட்டதுபோல.