மரத்துப்போதல்

முதலுதவிப் பெட்டியின் சாவி
மூன்று வருடமாய் என் கழுத்தில்.
யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.
முன்பு வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற அன்று
நான் கதவோரம் நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

காராகேட் குடாவில் நவம்பர்.
கொட்டகைக்குள் பதினொரு பேர்,
பதினொரு குட்டைக் கத்திகள்,
இடுப்புயரம் சிப்பி.
கிறிஸ்துமஸுக்கு மாண்ட்ரியால் கேட்கிறது.
மாண்ட்ரியாலுக்குக் காத்திருந்து பழக்கமில்லை.

சிப்பியின் கீலில் முனையை நுழைத்து
மணிக்கட்டை ஒரு திருப்பு.
திறந்தால் கூலி.
வழுக்கினால் என்னிடம் வருவார்கள்.

பெரும்பாலும் சிராய்ப்புதான்.
முதலில் குழாயடி, சோப்பு.
ஓடுகிற தண்ணீரில் கையை வைத்து
நூறு எண்ணச் சொல்வேன்.
அறுபதில் ஏமாற்றுவார்கள்.
ஒற்றித் துடைத்து, பிறகுதான் அந்த நீல டப்பா:
கிருமியையும் கொல்லும், வலியையும் மரக்கடிக்கும்,
மருந்துச் சீட்டில்லாமல் எந்தக் கடையிலும் கிடைக்கும்.
முகத்தைத் திருப்பிக்கொள், கண்ணில் படக் கூடாது.
ஹீட்டர் பக்கம் நிற்காதே, பற்றிக்கொள்ளும் சரக்கு.
மெல்லிசாய் ஒரு பீச்சு. காய்ந்தபின் துணி.
ஒரு நாளைக்கு மூன்று தடவை.
நான்காவதாய்க் கேட்பவரிடம்
சாவி தொலைந்துவிட்டது என்பேன்.

டப்பாவின் முதுகில் எறும்பு ஊர்ந்த எழுத்து,
பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம்.
இரண்டையும் படித்திருக்கிறேன்,
ஏதாவது ஒரு மொழியில் சலுகை இருக்குமா என்று.
இல்லை.
ஆழக் குத்திய காயத்துக்குக் கூடாது என்பதில்
இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

செவ்வாய் மதியம் அல்சீத் வந்து நின்றான்,
உள்ளங்கையை மூடிக்கொண்டு.
சிராய்ப்பு, என்றான்.
திற, என்றேன்.
சட்டைப் பொத்தான் துளை அளவு.
ரத்தம்கூடச் சரியாய் வரவில்லை.
அந்த அடக்கம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

எவ்வளவு உள்ளே போச்சு?
கத்தியைக் கேள், என்றான்.
கேட்டேன்.
முனையிலிருந்து ஒரு விரற்கடைக்குச் சிவப்பாய்ப் பதில் சொன்னது.

ஆஸ்பத்திரிக்குப் போவோம், வண்டி எடுக்கிறேன்.
நாலு பெட்டி பாக்கி, ஓடில். அதை அடி,
நல்லா அடி, அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது.

அதேதான், அல்சீத்.
அப்புறம் உனக்கு ஒன்றும் தெரியாது.
மேலே தோல் தூங்கும்.
கீழே, கத்தி கொண்டுபோய் விட்ட இடத்தில்,
சிப்பி குடித்த தண்ணீரும் அதன் சேறும்
உன் கைக்குள் வீடு பார்த்துக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் அப்போது சொன்னேனா,
வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களிடம் சொன்னேனா,
நினைவில்லை.
முடியாது என்று மட்டும் சொன்னது உறுதி.
அவன் முகம் கறுத்தது.

பெட்டிக்குத்தான் நான் பூட்டு.
பெட்ரோல் நிலையத்தில் அலமாரி திறந்தே கிடக்கிறது.

வியாழன் இரவு அவன் மனைவி ரோஸ்லின் தொலைபேசியில்.
பனி கண்ணாடியில் அப்பிக்கொண்டே இருக்க
பின்சீட்டில் அல்சீத்.
கையைச் சுற்றி இறுக்கிய பிளாஸ்டிக் டேப்பைப் பிரித்தால்
மணிக்கட்டிலிருந்து மேலேறும் சிவப்புக் கோடு,
யாரோ பேனாவால் வழி போட்டதுபோல.
வலிக்கவே இல்லையே, என்றான்.
திரும்பத் திரும்ப.
புகார் சொல்கிறவன் குரலில்.

இரவுப் பணி டாக்டர் என் மகளைவிடச் சின்னவள்.
எதை அடித்தீர்கள் என்று கேட்டாள்.
கோட்டுப் பையிலிருந்து டப்பாவை எடுத்தான்.
அவள் குலுக்கினாள். சத்தமில்லை.
இரண்டே நாளில் காலி.
அவள் திட்டவில்லை. குறித்துக்கொண்டாள்.
கீறித் திறந்தார்கள், கழுவினார்கள்,
நான்கு நாள் கையில் ஊசிக்குழாய்.

கை தப்பியது.
நடுவிரல் மட்டும் முழுதாய் மடங்குவதில்லை.
அந்த நாலு பெட்டியை
மற்றவர்கள் பிரித்துத் திறந்தோம், முணுமுணுத்தபடி.

நேற்று என் விரல்முட்டியில் ஓட்டு விளிம்பு.
தோல்தான், வேறொன்றுமில்லை.
குழாயடியில் நின்று எண்ணினேன்.
அறுபதில் கை தானாக விலகப் பார்த்தது.
யாரும் பார்க்கவில்லை.
அறுபத்தொன்று.
தண்ணீர் பனிக்கட்டிக்குப் பங்காளி. எரிந்தது.
சாவி கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.
எடுப்பேன், எடுக்கத்தானே இருக்கிறது,
ஒரு பீச்சு, மெல்லிசாய்.
அதற்கு முன்
என்னதான் சொல்கிறது என்று
இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டு நின்றேன்.