ஆறாவது செருப்பு

நண்டு செருப்பு வாங்கப் போகிறது.
எட்டுக் காலுக்கும் எட்டு, ஒரு தாளுக்கு ஒன்று.
முதலாவது சிவப்பு, ரப்பர்.
இரண்டாவதில் வார் அறும்,
அந்த இடத்தில் நான் ‘டொக்’ என்று சொல்லவேண்டும்.
சொல்லாவிட்டால் யதுமிதா
என் நாடியைப் பிடித்துத் திருப்புவாள்,
பிறகு பக்கத்தையும் பின்னுக்குத் திருப்புவாள்.

மா ஆலையில் இரவு வேலை இல்லாத நாட்களில்
இதுதான் எனது இரண்டாம் வேலை.
புருவத்தில் கோதுமை மா இன்னும் இருக்கும்.
நுளம்பு வலைக்குள் மூன்று பேர்,
ஒரு டோர்ச்,
ஒரு நண்டு.

வேறு புத்தகங்களும் இருக்கின்றன.
மழைக்குப் பயந்த பஸ்ஸின் கதை,
பூசணிக்காய்க்குள் குடியிருக்கும் ஏழு எலிகள்.
எலிகள் நல்ல எலிகள்தான்.
ஆனால் மூன்றாம் எலிக்கு முன்னமே
‘நண்டு’ என்பாள்.

குரல் முக்கியம்.
நான் வாசித்தால் நண்டு கொஞ்சம் அதட்டும்,
சீனன்குடா மேற்பார்வையாளர் மாதிரி.
சுகந்தினி வாசித்தால் அதற்குத் தடிமன்.
அவள் வார்ட்டில் நிற்கும் இரவுகளில்
‘தடிமன் நண்டு எப்ப வரும்?’ என்று கேள்வி வரும்.
களைப்பில் ஒரு வரியை விழுங்கினால்
அந்த வரி இருட்டுக்குள்ளிருந்து
அவள் வாயில் கேட்கும்,
என் அதட்டலோடு.

ஆறாம் தாள் இல்லை.

மாசி மாதம், டச்சுக்குடாவில்,
புத்தகத்தைச் சீமெந்து வாங்கில் விரித்துவைத்துவிட்டுக்
கச்சான் சரை வாங்கத் திரும்பினேன்.
வந்த மான் தயங்கவில்லை.
பஸ் நிலையத்தில் வளர்ந்த மான் அது,
லஞ்ச் சீற் தின்று பழகியது.
ஐந்தாம் செருப்பை முகர்ந்தது, விட்டது.
ஆறைக் கிழித்து, நின்ற இடத்திலேயே,
எங்களைப் பார்த்தபடி மென்றது.
தாளின் முன்பக்கம் செருப்பு.
பின்பக்கம் எழுத்தே இல்லை, முழுக்கக் கடல்.
கடலும் போனது.

யது அழவில்லை.
‘அது வாசிச்சு முடிச்சிட்டுத் தருமா?’ என்று கேட்டாள்.

அன்றிலிருந்து ஆறாவது செருப்பு
எங்கே கிடைத்தது என்று சொல்வது
அவள் பொறுப்பு.
தபாற்கந்தோர்க் கூரையில் கிடைத்திருக்கிறது.
கிண்ணியாப் பாலத்தின் அடியில்
ஒரு திருக்கை அதைப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறது.
கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழில்
எதற்குள் விழுந்ததென்று இறங்கித் தேடியதில்
நண்டு நல்லாய்ச் சிவந்து வெளியே வந்தது.
காய்ச்சலோடு கிடந்த ஒருநாள்
‘இண்டைக்குக் கிடைக்கேல்ல’ என்றாள்.
நண்டு ஒரு கால் வெறுங்காலாய்
ஏழாம் பக்கத்துக்கு நொண்டிப் போனது.
நானும் நொண்டி நொண்டித்தான் வாசித்தேன்.

போன கிழமை கரண்ட் பில் கட்டிவிட்டு
மழைக்கு நூலகத்தில் ஒதுங்கினேன்.
சிறுவர் பகுதி, அடித்தட்டு,
அதே நண்டு.
முழுசாக.
கீழே குந்தியிருந்து
கோழிக்குஞ்சைத் தூக்குவதுபோல் எடுத்தேன்.
ஒரு படம். இரண்டு வரி.
சத்தமாகவே வாசித்துவிட்டேன், பழக்கதோஷம்.
நூலகர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

அட்டை என் பர்ஸில்தான் இருந்தது.
புத்தகத்தை இருந்த இடத்திலேயே செருகினேன்,
முதுகு உள்ளே போகும்படி.
ஆறாவது செருப்பின் கதை
இப்போது எங்கள் வீட்டில் எனக்கும்
வெளியே ஒரு மானுக்கும் தெரியும்.

இன்று இரவு
செருப்பு கொழும்பு ரயிலில் ஏறிவிட்டதாம்.
யன்னலோரச் சீற்றாம்.
‘திரும்பி வர நாளாகும் அப்பா,
நீங்கள் ஏழாவதை வாசியுங்கோ.’

ஏழாவதைத் திருப்புகிறேன்.
மூலை ஈரம்.
நாலு சின்னப் பல்லின் தடம்.

வலையின் ஓரத்தில் தம்பி,
இன்னும் பேச்சு வராதவன்,
எங்களைப் பார்த்தபடி
எதையோ மெல்லுகிறான்.