கதவுக்கு மேலே

அகலம் ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர், நீளம் பத்து மீட்டர்.
பதினெட்டுச் சுருள்.
சால்மியாவில் புதுக் காப்பிக்கடை,
திறப்புக்கு இன்னும் மூன்று நாள்.

கடுகு மஞ்சள். அதன்மேல் சாம்பலில்
அரைவட்டம், அரைவட்டம், இடையில் ஓர் ஈட்டிமுனை.
முதல் சுருளைப் பிரித்ததுமே கை நின்றுவிட்டது.
"அறுபத்திரண்டில் கட்டினது, மிர்காபில் இருந்தது,
அதன் முகப்பைத்தான் வரைந்தேன்" என்றாள் லுல்வா.
கையில் ஒரு பழைய புகைப்படம்:
வாசலில் நீளமான கார், வெயில்,
ஆளே இல்லை.

அங்கே ஒன்பது வருடம் இருந்தேன் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
பசை உலர்ந்துகொண்டிருந்தது.

அந்தத் துளைக்கல் சுவருக்கு உள்பக்கம் நாங்கள்.
மூன்றாம் மாடி, ஓர் அறை, ஏழு கட்டில்.
காலை ஏழுக்கு ஈட்டிமுனைகள் எதிர்ச்சுவரில் இருக்கும்.
ஒன்பதுக்கு இறங்கிவந்து
இரவு வேலை முடித்துத் தூங்கும்
மிக்கேல்ராசுவின் முதுகில் படுத்துக்கொள்ளும்.
புழுதிக்காற்று வந்தால்
துளைக்கு ஒரு பனியனாக அடைப்போம்.
நாற்பத்தாறு துளை, எண்ணியிருக்கிறேன்,
பனியன் பற்றாது.
ஒரு துளையின் உதட்டை உடைத்து
டிஷ் வயரை உள்ளே இழுத்தான் இக்ரமுல்லா.
அப்புறம் அதில் புறா.

லுல்வாவின் சுவரில் எல்லாத் துளையும் முழுசு.
அறுபத்து நான்கு சென்டிமீட்டருக்கு ஒருமுறை
அதே வட்டம், அதே ஈட்டி.
தூக்குக்குண்டு விட்டுக் கோடு போட்டேன்,
தாளைத் தொங்கவிட்டு
நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளினேன்.
காற்றை வெளியேற்றுவதுதானே என் வேலை.

நான்கு சுவரும் சுற்றி வந்தால்
கடைசித் தாளும் முதல் தாளும் சேராது.
எந்த அறையிலும் சேராது.
தொழில் தெரிந்தவன் அந்த இடத்தைக்
கதவுக்கு மேலே தள்ளிவிடுவான்,
உள்ளே வருகிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஏணி உச்சியில் நின்று
பதினோரு சென்டிமீட்டர் நறுக்கி ஒட்டினேன்.
ஒரு வட்டம் பாதியில் நின்றது,
உதடு உடைந்தமாதிரி.
ரோலரால் இரண்டு தரம் அழுத்தினேன்.

"அங்கே சேரலையே."
பார்த்துவிட்டாள்.

"அது வயர் வருகிற வழி, மேடம்."

"எந்த வயர்?"
புகைப்படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

அதில் இருக்காது.
அது நாங்கள் வருவதற்கு முன்னால் எடுத்தது.