பதினோராம் கோடு

லாபிஸ் மில், எடைப்பாலத்துக்குப் பக்கத்து அறை.
ஏர்கோன் செத்து இரண்டு மாதம்.
செம்பனை வேகும் நெடி சட்டைக்குள் வந்து உட்காருகிறது.
பெட்டியின் திருகாணிகளைக் கழற்றுகிறேன், மூன்று.
நான்காவது எனக்கு முன்பு வந்தவன் பையில் போயிருக்கும்.

கிராணி ரொஸ்னா சொன்னது இவ்வளவுதான்:
மெஷின் நல்லாத்தான் இருக்கு, அங்கமுத்துதான் சரியில்லை.
ஐந்து மணிக்கு இருட்டோடு வருவான், தினமும் முதல் லோரி.
சீட்டில் எட்டாயிரத்து நானூற்று இருபது கிலோ,
ராத்திரிக் கணக்கில் மூவாயிரத்துச் சொச்சம்.
சீட்டில் கை வைத்திருக்கிறான் என்றார் மேனேஜர்.
மூன்று வாரப் பணம் நிற்கிறது.

பழைய பலகை.
நடுவில் கன்ட்ரோலர், நாற்பது கால்,
ஒரு நாள் எடையைக்கூடத் தனக்குள் வைத்துக்கொள்ள இடமில்லாதது.
அதனால் தள்ளி ஒரு மெமரி, இருபத்தெட்டு கால்.
இரண்டுக்கும் நடுவே செம்புத் தடங்கள்.

எட்டுத் தடத்துக்கு இரட்டை வேலை:
முதலில் விலாசம் போகும்,
கண் இமைக்க நினைப்பதற்குள் அதே தடத்தில் சரக்கு போகும்.
இடையில் ஒரு லாட்ச். "பிடி" என்று ஒரு கோடு விழுந்தவுடன்
விலாசத்தை இறுக்கிக்கொள்ளும், சரக்கு இறங்கும்வரை விடாது.
எழுது என்பதற்கு ஒரு கோடு, படி என்பதற்கு ஒன்று,
உன்னைத்தான் என்று சிப்பைத் தொட்டு எழுப்ப ஒன்று.
மூன்றும் தலைகீழ் வழக்கம்.
நிமிர்ந்து நின்றால் சும்மா இரு,
குனிந்தால் வேலை.

விலாசத்தின் பெரிய பாதி தனி வழியில் வருகிறது,
எட்டாம் கோட்டிலிருந்து பதினான்கு வரை.

பூஜ்ஜியம் எண் அறையில் ஐம்பத்தைந்து எழுதினேன்.
இரண்டாயிரத்து நாற்பத்தெட்டில் ஏழு.
திரும்பிப் போய்ப் பூஜ்ஜியத்தைக் கேட்டேன்.
ஏழு என்றது,
கூச்சமே இல்லாமல்.

பதினோராம் கோடு.
பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் பதினொன்று,
ரொஸ்னா எண்ணினால் பன்னிரண்டு.
பல்லி முட்டையிட்ட இடத்தில் தடம் பச்சையாய் அரித்து,
மெமரியின் கால் அந்தரத்தில்,
எண்ணெய்ப் பிசுக்கு வழியாகத் தரையோடு ஒட்டிக்கொண்டு
எதைக் கேட்டாலும் பூஜ்ஜியம், பூஜ்ஜியம்.

ஒரு லோரிக்குப் பதினாறு அறை.
நூற்று இருபத்தெட்டு லோரிவரை குறையில்லை.
நூற்று இருபத்தொன்பதாவது
நேராக முதலாவதன் மேல் ஏறி உட்கார்ந்தது.
மழைமாதத்தில் நூறு தாண்டாது. இது பழம் கொட்டும் மாதம்.

லோரி எண்கள் ரொஸ்னாவின் நோட்டில்,
பெட்டிக்குள் எடையும் நேரமும் மட்டும்.
கணக்குத் தாளை விரித்துப் பார்த்தேன்:
முதல் லோரி, இரவு ஒன்பது பதினெட்டு.
மூன்று வாரமாக அந்தப் பத்தியில் இருட்டு ஒன்பது மணி,
யாரும் பார்க்கவில்லை.

இரண்டாம் லோரிக்கு எடை கூடியிருந்தது.
அவன் வாயே திறக்கவில்லை.

டெலிபோன் கம்பியில் ஓர் இழை உரித்து, நான்கு அங்குலம்,
இரு முனையிலும் ஈயம் வைத்தேன்.
புகை மூக்கில் ஏறியது.
ஐம்பத்தைந்து அதன் அறையில். ஏழு அதன் அறையில்.

மேல் எழுதப்பட்டது போனதுதான்.
மெமரியை ஆட்டினாலும் அடித்தாலும்
அழிந்த எடை உதிராது.

அங்கமுத்து லோரியிலிருந்து சீட்டுக் கட்டைக் கொண்டு வந்தான்.
ரப்பர் பேண்டு போட்டுக் கண்ணாடி மறைப்பில் செருகி வைத்தது.
அடிக்கும்போது பெட்டிக்குச் சரியாக நினைவிருந்த எண்கள்,
வெயிலில் வெளுத்துவிட்டன.
ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்ச் சாய்த்துப் பிடித்தேன்.
இருபத்தொன்றில் பதினேழு படிக்க முடிந்தது.

மிச்சம் நாலு என்றான்.
மேனேஜரைக் கேட்கணும் என்றாள் ரொஸ்னா.
பாலத்தில் இரண்டாம் லோரிக்காரன்
எடை போடச் சொல்லி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான்.